பிரின்ஸ் ஹால்: நிறுவனரும் மனுதாரரும்

பாஸ்டன் நகரின் காப்ஸ் ஹில் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டுள்ள பிரின்ஸ் ஹால் (மறைவு: 1807), கறுப்பின ஃப்ரீமேசன் அமைப்பின் நிறுவனர் என்றே பெரிதும் நினைவுகூரப்படுகிறார். அவ்வடையாளம் பிழையன்று, ஆனால் போதுமானதும் அன்று.

வெள்ளையர் மன்றங்கள் கதவடைத்த நிலையில், பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றைச் சார்ந்த மன்றத்தின் வழியாகவே அவரும் அவருடைய தோழர்களும் அவ்வமைப்பில் இணைந்தனர். 1784இல் இங்கிலாந்தின் பெருமன்றம் அவர்களது ஆப்பிரிக்க மன்றத்திற்குச் சாசனம் வழங்கியது. அரசியல் உரிமை மறுக்கப்பட்டவர்களுக்கு அது கூடுமிடத்தையும் பொறுப்புகளையும் பொதுவில் பேசுவதற்கான தகுதியையும் ஒருங்கே அளித்தது.

எனினும் ஹாலின் ஆழமான பங்களிப்பு மனுக்களில் உள்ளது. விடுதலைப் பிரகடனம் வெளியாகி ஆறு மாதங்களே கடந்திருந்த 1777 ஜனவரியில், அடிமைமுறையை ஒழிக்கக் கோரி மாசசூசெட்ஸ் சட்டமன்றத்திற்கு அனுப்பப்பட்ட மனுவில் அவரும் ஒப்பமிட்டார். மொழியியல் மாணவன் என்ற முறையில் என்னை ஈர்ப்பது அதன் வாதமுறை. வடிவம் பணிவுடையது, உள்ளடக்கமோ பணிய மறுப்பது. பிரிட்டனுக்கு எதிராக அமெரிக்கர்கள் முன்வைத்த இயற்கை உரிமை என்னும் கருத்தையே அம்மனு அவர்களிடம் திருப்பிக் காட்டியது. அதை மறுப்போர் தம் புரட்சியின் அடிப்படையையே மறுக்க நேரும். ஆயினும் சட்டமன்றம் அக்கோரிக்கையைச் சட்டமாக்கவில்லை.

ஹால் ஓயவில்லை. வரி செலுத்தும் கறுப்பின மக்களின் குழந்தைகளுக்குக் கல்வி வேண்டி 1787இல் மனு அளித்தார். சுதந்திர மனிதர் மூவர் வஞ்சகமாகக் கப்பலேற்றிக் கடத்தப்பட்டபோது 1788இல் மீண்டும் எழுதினார். அவ்வாண்டு மார்ச்சில் மாசசூசெட்ஸ் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. கடத்தப்பட்டோரும் ஊர் திரும்பினர்.

ஆண்களை மட்டுமே சேர்த்த, சடங்குகள் நிறைந்த மன்றத்தை விடுதலை மரபில் எவ்வாறு வைப்பது என்ற வினா எழும். வினா நியாயமானது. அவ்வெல்லையை மறைக்காமல் சொல்வதும் மரியாதையின் ஒரு பகுதியே. அதே நேரத்தில், சகோதரத்துவத்தைக் கொள்கையாக அறிவித்த ஓர் அமைப்பு, அச்சொல்லின் முழுப்பொருளை ஏற்கக் காட்டிய தயக்கத்தையும் நாம் காணவேண்டும். ஹாலின் வழிவந்த பெருமன்றத்தை இங்கிலாந்து மறுபடியும் அங்கீகரித்தது 1994இல்தான்.

சிலைகளும் நினைவுத்தூண்களும் ஒருவரது பெயரைக் காக்கும். வாதத்தைக் காப்பது வாசிப்பே. அமெரிக்கப் புரட்சியைக் கற்பிக்கும் நம் வகுப்பறைகளில் 1776இன் பிரகடனத்தோடு 1777இன் மனுவையும் அருகருகே வைத்து வாசிப்போம். பிரகடனம் யாரை விட்டுவிட்டது என்பதை, விடப்பட்டவர்களின் சொற்களிலேயே மாணவர்கள் அறியட்டும்.