பூட்டு போட்ட ப்ராசஸர்... திறந்தால் லாபமா?

“அண்ணா, மதர்போர்டை மட்டும் மாத்தினா போதும். பூட்டு போட்ட ப்ராசஸரே 5 கிகாஹெர்ட்ஸைத் தாண்டி ஓடும்!”

போன ஞாயிற்றுக்கிழமை முத்தியால்பேட்டையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் தம்பி ஆரம்பித்துவிட்டான். ப்ளஸ் டூ முடித்திருக்கிறான். கேமிங் பிசி வாங்க, சித்தி சீட்டு எடுத்த 50,000 ரூபாய் தயாராக இருக்கிறது. சென்னை ரிச்சி தெரு வரை போன் போட்டு விலை கேட்டு, நோட்டில் எழுதி வைத்திருந்தான்.

“இவன் சொல்றது நிஜமா?” என்று சித்தி என்னைப் பார்த்தார். நிஜம்தான். ஆனால், லாபமா என்பது வேறு கேள்வி.

தாளமும் வேகமும்

ப்ராசஸரின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள். தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் மிருதங்கக்காரர் எத்தனை சொல் வாசிக்கிறார் என்பதைப் பொறுத்து வேகம் மாறும். கம்ப்யூட்டரில் தாளம் 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 10 கோடி தட்டு. ஒரு தட்டுக்கு 44 சொல் என்றால் 4.4 கிகாஹெர்ட்ஸ். அந்த 44-ஐ நாமே கூட்டுவதுதான் வழக்கமான ஓவர்க்ளாக்கிங். இன்டெல்லில் பெரும்பாலும் பெயரின் கடைசியில் ‘கே’ எழுத்து உள்ள, விலை கூடிய ப்ராசஸர்களில்தான் இது முடியும். மற்றவற்றில் அந்த எண்ணுக்குப் பூட்டு.

எண்ணைத் தொட முடியாவிட்டால் தாளத்தையே வேகமாகப் போட்டால் என்ன? இதுதான் பின்வாசல். இது புதிதும் அல்ல. 1998-ல் வந்த செலரான் 300ஏ என்ற மலிவான ப்ராசஸரிலும் பெருக்கும் எண்ணுக்குப் பூட்டு இருந்தது. தாளத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கி, 300-ஐ 450 ஆக ஓடவிட்டார்கள். 2011-ல் வந்த சாண்டி பிரிட்ஜ் வரிசையில் இந்த வாசல் கிட்டத்தட்ட மூடியது. டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு இணைப்புகளும் அதே தாளத்தில் ஆடியதால், கொஞ்சம் வேகம் கூட்டினாலே அவை தடுமாறின. 2015 கடைசியில் சில மதர்போர்டு நிறுவனங்கள் ஸ்கைலேக் ப்ராசஸர்களுக்கு மறுபடி வழி திறந்தன. 2016 தொடக்கத்தில் இன்டெல் அப்டேட் கொடுத்து அடைத்தது.

2022 ஜனவரியில் ஜெர்மனியின் பிரபல ஓவர்க்ளாக்கர் ‘டெர்பவர்’, பூட்டிய ஐ5 12400-ஐ 5 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டிக் காட்டினார். தம்பி பார்த்தது அந்த வீடியோவைத்தான்.

வீடியோவில் தெரியாத கணக்கு

அந்த வித்தைக்குத் தாளத்தைத் தனியாக உருவாக்கும் சிப் உள்ள மதர்போர்டு வேண்டும். அவர் பயன்படுத்திய போர்டின் விலை, ப்ராசஸர் விலையைப்போல் பல மடங்கு. பின்னர் விலை குறைந்த போர்டுகளும் வந்தன. ஆனால், அவையும் சாதாரண போர்டைவிட விலை அதிகம். மிச்சம் பிடிக்கக் கிளம்பி, பூட்டைத் திறக்கும் சாவிக்கே பணம் கொடுப்பதுபோல ஆகிவிடும். இப்படி வேகம் கூட்டி ஏதாவது ஆனால் வாரன்டியில் வராது என்று இன்டெல்லும் சொல்லிவிட்டது.

அடுத்தது வெப்பம். வேகத்தையும் வோல்டேஜையும் 10 சதவிகிதம் கூட்டினால், சிப் இழுக்கும் மின்சாரம் கணக்குப்படி சுமார் 33 சதவிகிதம் கூடும். அது அத்தனையும் வெப்பம். சாதாரண ஃபேன், அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்காது. தம்பியின் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஏசி கிடையாது. அக்னி நட்சத்திரத்தில் புதுச்சேரி எப்படிக் கொதிக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

முக்கியமான விஷயம், பட்ஜெட் பிசியில் பெரும்பாலான கேம்களை இழுத்துப் பிடிப்பது ப்ராசஸர் அல்ல, கிராபிக்ஸ் கார்டு. மிருதங்கம் எவ்வளவு வேகமாகப் போனாலும் பாடுபவருக்கு மூச்சு வாங்கினால் கச்சேரி நகராது.

நோட்டில் எழுதிய புதுக் கணக்கு

* மதர்போர்டு சாதாரணமானது போதும். மிச்சமாகும் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கு.
* ரேம் 16 ஜிபி ஒன்றுக்குப் பதில் 8 ஜிபி இரண்டு. சேர்ந்து வேலை செய்யும்போது வேகம் கூடும்.
* எஸ்எம்பிஎஸ் நல்ல நிறுவனத்துடையதாக இருக்கட்டும். இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.
* ஓவர்க்ளாக்கிங் செய்து பார்க்கும் ஆசை விடவில்லையா? ஏஎம்டியின் பெரும்பாலான ரைசன் ப்ராசஸர்களில் பூட்டு இல்லை. போர்டு ‘பி’ வரிசையில் இருக்கட்டும், ‘ஏ’ வரிசையில் முடியாது.

தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. “காசு கொடுத்து வாங்குறது நாம. பூட்டு மட்டும் அவங்களுதா?” என்றான். அந்தக் கோபம் நியாயமானதுதான். படிக்கிற காலத்தில் நானும் அதே கோபத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் கை வைத்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து செய்த ப்ராஜெக்ட் டிஸ்க்கோடு போனது. அது என் பணம்கூட இல்லை, அப்பா பணம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சித்தி கடைசியில் ஒன்று கேட்டார். “மழைக்காலத்துல கரன்ட் போச்சுன்னா இது என்ன ஆகும்?”

நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவன் பேனாவை எடுத்து, பட்டியலின் கடைசியில் எழுதினான்... யுபிஎஸ்.