கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலை ஏறும்போது 513 படிகளில் எந்தப் படியில் மூச்சு வாங்கியது என்று பெரியப்பா எண்ணிச் சொல்வார். அறுபதைத் தாண்டியும் அப்படி ஏறியவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுக் கொண்டிருந்தவரின் கையிலிருந்து கரண்டி நழுவியது. பேச்சு குழறியது. களைப்பாக இருக்கும் என்று தைலம் தேய்த்துப் படுக்க வைத்தோம். காலையில் கோப்பி கொடுத்து, எட்டு மணிக்குத்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?"

ஏன் அதை முதலில் கேட்டார் என்பது பிறகுதான் புரிந்தது. பக்கவாதங்களில் பெரும்பாலானவை மூளைக்குப் போகும் ரத்தக் குழாயைக் கட்டி அடைப்பதால் வருபவை. கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். குழாய் செலுத்திக் கட்டியை அகற்றும் சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம் வரை பலன் தரலாம். ஆனால் அது எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்திற்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்கிறது 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு. நாங்கள் தாமதித்தது 11 மணி நேரம். பெருக்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கோப்பி கொடுத்ததும் தவறுதான். வாதம் வந்தவருக்கு விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம். குடித்தது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். பக்கவாதத்தில் பிழைத்தவர்கள் பலரை அதுதான் கொண்டுபோகிறது. வீட்டில் ஆஸ்பிரின் கொடுப்பதும் ஆபத்து. அடைப்பா, ரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

வயதும் பாதிப்பின் அளவும் நம் கையில் இல்லை. ரத்த அழுத்தம், புகை, சர்க்கரை ஆகியவை ஓரளவு நம் கையில் இருக்கின்றன. சர்க்கரை ஏறிய நிலையில் வருபவர்களுக்கு ஊசி போட்டாலும் மூளையில் ரத்தம் கசியும் அபாயம் கூடுதல். தேறுவதும் மெதுவாகவே நடக்கும். சுகாதார அமைச்சின் 2019 ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4. 2023இல் நாட்டின் விகிதம் 15.6க்கு இறங்கியது நல்ல செய்திதான். ஆனால் அதே ஆய்வில், 18 முதல் 29 வயதுக்குட்பட்ட நீரிழிவு நோயாளிகளில் 84 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியவில்லை. இது தாத்தா பாட்டிகளின் கணக்கல்ல. கல்லூரி கேண்டீனில் தேத்தாரிக் வாங்க வரிசையில் நிற்கும் நம் கணக்கு.

உயிர் பிழைத்த பிறகும் வேலை முடிவதில்லை. முதல் மூன்று மாதங்களில்தான் மூளை மிக வேகமாக மீள்கிறது. பயிற்சியைத் தள்ளிப்போட்டால் அந்தக் காலம் வீணாகிறது. பெரியப்பாவுக்கு மனச்சோர்வு வந்து, பயிற்சிக்குப் போக மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக் கொண்டார். அண்ணன்தான் நாள் தவறாமல் எழுப்பிக் கூட்டிப்போனார். இப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி தரவே 1996இல் தேசிய பக்கவாதச் சங்கம், நாசாம், தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவரும் பக்கவாதத்திலிருந்து மீண்டவரே.

வீட்டில் யாருக்காவது திடீரென வாய் கோணினால், கை தூக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால், உடனே மணியைப் பாருங்கள், 999ஐ அழையுங்கள். இந்தத் தைப்பூசத்தில் பெரியப்பா அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எந்தப் படியில் மூச்சு வாங்கியது என்று இறங்கி வந்த என்னிடம் கேட்டார். நான் எண்ண மறந்துவிட்டேன்.