இதயத்தின் பெயரால் இந்த வியாபாரம் நிற்கட்டும்

‘வைட்டமின் டி குறைந்தால் மாரடைப்பு வரும், இன்றே பரிசோதியுங்கள்’ என்ற தோரணையில் நாளுக்கொரு விளம்பரம் வருகிறது. இதயப் பரிசோதனைத் தொகுப்பு என்ற பெயரில் இந்தச் சோதனையையும் சேர்த்துக் கட்டணம் வாங்குகிறார்கள். முடிவு வந்த கையோடு மாத்திரையும் வந்துவிடுகிறது. பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறைக்கும் இந்த வியாபாரத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

அவர்கள் சொல்லும் பாதி இது: அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் ஆய்வில் 1,739 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது. 2008-இல் வெளியான முடிவு. சரிதான். ஆனால் உடல் பருத்தவர்களுக்கு ரத்தத்தில் இந்தச் சத்தின் அளவு குறையும். நோயால் வீட்டோடு முடங்கியவர் மேல் வெயிலே படாது. நோயோடு கூட வருவதையெல்லாம் நோய்க்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது?

மாத்திரை கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கொடுத்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 25,871 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினமும் 2,000 யூனிட், மறுபாதிக்குச் சத்தில்லாத போலி மாத்திரை என்று ஐந்தாண்டுக்கு மேல் கொடுத்தார்கள். மாரடைப்போ பக்கவாதமோ இதய நோய் மரணமோ குறையவில்லை. ‘வைட்டல்’ என்ற அந்த ஆய்வு 2018-இலேயே வெளிவந்துவிட்டது. நியூசிலாந்தில் மாதம் ஒரு லட்சம் யூனிட் கொடுத்த ஆய்வும் அதையேதான் சொன்னது. தொடக்கத்திலேயே குறைபாடு இருந்தவர்களுக்கும் பலன் இல்லை. 2023-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் மட்டும் சிறு குறைவு தென்பட்டது. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுக்கே அதன் கணக்கு நிற்கிறது. எதிர்த்தரப்புக்கு உதவும் அந்த ஒன்றையும் நாம் மறைக்கவில்லை. அவர்களோ மற்ற எல்லாவற்றையும் மறைக்கிறார்கள்.

எலும்பு மெலிவுக்கோ சிறுநீரக நோய்க்கோ மருத்துவர் எழுதித் தந்தவர்கள் மாத்திரையை நிறுத்த வேண்டாம். நம் சினம் அவர்கள் மீதல்ல. வாரம் ஒன்று என விழுங்க வேண்டிய 60,000 யூனிட்டைக் கடையில் தாமே வாங்கித் தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகம் கெடும், இதயத் துடிப்பே தடுமாறலாம். இதயத்தைக் காக்கப் போன கதை அப்படி முடியும். நலமாக உள்ள பெரியவர்களுக்கு இந்தச் சோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் 2024-இல் பரிந்துரைத்தது நம் ஆய்வகங்களின் காதில் விழவில்லையா?

இதயத் தொகுப்பிலிருந்து இந்தச் சோதனையை உடனே நீக்குங்கள். மாரடைப்பைக் காட்டி மிரட்டிய விளம்பரங்கள் வந்த அதே இடத்தில், அதே அளவில் திருத்தம் வெளியிடுங்கள். இதய நோயைத் தடுக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மருந்தல்ல, உணவு என்று நழுவினால், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இந்தச் சட்டங்களின் கீழ் இதுவரை எத்தனை பேர் மீது நடவடிக்கை எடுத்திருக்கிறார்கள் என்பதை அரசு பட்டியலாக வெளியிட வேண்டும்.