சைக்கிளுக்குக் கியர் வேடம் எதற்கு?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் வசித்த மயக்கவியல் மருத்துவர் ஜெரமி குரோவ்ஸ், செஸ்டர்ஃபீல்டில் இருந்த தன் மருத்துவமனைக்கு சைக்கிளில் போய்வந்தவர். போக வர சுமார் 43 கிலோமீட்டர். அவரிடம் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. ஒன்று 50 பவுண்டுக்கு வாங்கிய பழைய எஃகு சைக்கிள், எடை 13.5 கிலோ. இன்னொன்று 1,000 பவுண்டு விலையுள்ள கார்பன் சைக்கிள், 9.5 கிலோ. காசைச் சுண்டிப் பார்த்து, விழுந்த பக்கத்துக்கு ஏற்ப ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்புவார். சில மாதங்கள் கழித்துக் கணக்குப் பார்த்தால், இரண்டிலும் சராசரிப் பயண நேரம் ஏறக்குறைய 1 மணி 48 நிமிடம். வித்தியாசம் ஒரு நிமிடம்கூடத் தேறவில்லை. 2010 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதை வெளியிட்டது. சைக்கிளின் எடையைக் குறைக்கப் பணம் கொட்டுவதைவிட, ஓட்டுகிறவர் தன் எடையைக் குறைத்துக்கொள்வது சிக்கனம் என்று மருத்துவருக்கே உரிய முறையில் முடித்திருந்தார் குரோவ்ஸ்.

அந்த இதழின் கிறிஸ்துமஸ் ஆய்வுகளில் பாதி குறும்பு, பாதி விஞ்ஞானம். இதிலும் ஓட்டியவர் ஒரே ஆள், பாதையும் ஒன்றுதான். ஆனாலும் முடிவில் ஆச்சரியம் இல்லை. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85, 90 கிலோ இருக்கும்போது நாலு கிலோ குறைவது ஐந்து சதவீதம்கூட ஆகாது. சமதளத்தில் எடை பெரிதாகத் தடுப்பதில்லை. ஏற்றத்தில் தடுக்கும், இறக்கத்தில் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். வேகம் கூடக் கூட எதிர்ப்பது காற்றுதான். அந்தக் காற்றிலும் பெரும்பங்கு மோதுவது ஓட்டுகிறவரின் உடம்பில்.

பந்தய உலகம் இதை அழகாக நிரூபித்திருக்கிறது. 1972இல் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் மெக்சிகோ சிட்டியில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். 1996இல் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன், கைகளை முன்னே நீட்டிப் படுத்தாற்போல் ஓட்டும் சைக்கிளில் 56.375 கிலோமீட்டர் போனார். பிறகு சர்வதேச சைக்கிள் சங்கம், மெர்க்ஸ் காலத்து அமைப்பிலுள்ள சைக்கிளில்தான் சாதனைக்கு முயல வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தது. 2000இல் போர்ட்மன் அப்படி ஓட்டியபோது கடந்த தூரம் 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிடப் பத்தே மீட்டர் கூடுதல்! ஆக, இயந்திரமும் அது தரும் உடல் அமைப்பும் ஏழு கிலோமீட்டர் வரை வாங்கித் தரும். ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டர் போகிறவருக்குத்தான் அது. காய்கறி வாங்கப் போகிறவர் 15இல் போகிறார்.

இதெல்லாம் வேகத்தின் கணக்கு. சுகத்தை குரோவ்ஸ் அளக்கவில்லை. விலை கூடினால் வேகம் கூடுமா என்பதல்ல, ஓட்டுவது இன்பமாகுமா என்பதுதான் கேள்வி. ஆகும், ஓரளவு வரைக்கும் என்பதே என் பதில். நல்ல சைக்கிளில் கியர் மாற்றினால் விரல் அசைந்த மறுகணம் செயின் அடுத்த பல்சக்கரத்தில் போய் உட்காரும். மிதியை நிறுத்தினாலும் சக்கரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எதுவும் லொடலொடக்காது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவருக்கு நாலு கிலோவின் அருமை தெரியும். இறங்குகிறவருக்கு நல்ல பிரேக்கின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டமாகப் பறப்பவர்களைப் பார்த்துப் பணத்திமிர் என்று சொல்கிறவர்கள், அந்த சைக்கிளில் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த இன்பம் விலையோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போவதில்லை. முப்பது, நாற்பதாயிரம் ரூபாய்க்குள் அதன் பெரும்பகுதி கைக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் லட்சங்களில் கொடுப்பதெல்லாம் கிராம் கணக்கில் எடை குறைக்கத்தான். பந்தயத்தில் 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளை சர்வதேச சங்கம் 2000ஆம் ஆண்டிலிருந்தே அனுமதிப்பதில்லை. எடைக் குறைப்பு அத்தனை தூரம் போய், கடைசியில் வேலி கட்ட வேண்டியதாயிற்று.

உடம்புக்குக் கிடைக்கும் சொகுசில் பெரும்பங்கைத் தருவது கார்பன் அல்ல, டயர். அதில் அடித்திருக்கும் காற்று. மெல்லிய டயரில் கல்லுமாதிரி காற்றடித்தால்தான் வேகம் என்று பந்தயக்காரர்கள் பல காலம் நம்பினார்கள். 23 மில்லிமீட்டர் டயர்தான் அன்று வழக்கம். இன்று அவர்களே 28க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள். கரடுமுரடான சாலையில் இறுகிய டயர் உடம்பைக் குலுக்குகிறது. அந்தக் குலுக்கலிலேயே பலம் வீணாகிறது. அகலத்தில் நம் ஊர் 28க்கு 1½ அங்குல டயர் எப்போதோ அவர்களைத் தாண்டிவிட்டது என்பது வேடிக்கை. அதன் குறை ரப்பரின் முரட்டுத்தனத்தில் இருக்கிறது. இளகிய நல்ல டயரை மாட்டிப் பாருங்கள், அதே பழைய வண்டி வேறு வண்டியாகத் தோன்றும். சீட்டின் உயரம் காசே இல்லாத சமாச்சாரம். மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் மடங்காமல் நிற்க வேண்டும். பெரும்பாலோர் இரு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்துக்கொண்டு, முழங்கால் வலிக்கிறது என்று சைக்கிளைத் திட்டுகிறார்கள்.

மலிவான சைக்கிள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடக் கூடாது. அதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, கியர் இல்லாத, கேரியரும் மட்கார்டும் வைத்த, இருபது கிலோ எடையுள்ள பழைய கறுப்பு வண்டி. இன்னொன்று, பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குக் கடை வாசலில் பளபளக்கும் 21 கியர் வண்டி. முன்னால் ஷாக் அப்சார்பர், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், தடித்த டயர் எல்லாம் இருக்கும். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். அந்த ஷாக் அப்சார்பர் எண்ணெய்த் தடுப்பு எதுவும் இல்லாத வெறும் ஸ்பிரிங். எடை மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல். எழுந்து நின்று மிதித்தால் பலத்தில் ஒரு பங்கு அதை அமுக்குவதிலேயே போய்விடும். டிஸ்க் ஒரு மயிரிழை வளைந்தால் போதும், சக்கரம் சுற்றும்தோறும் உரசும். 21 கியரில் பல ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமம். பின்னால் தொங்கும் கியர்க் கருவி, வண்டி ஒருமுறை சாய்ந்து விழுந்தால் வளையும். அதன்பின் ஏற்றத்தில், மிதிக்கும் அவசரத்தில், செயின் பல் மாறித் துள்ளும். தெருமுனை சைக்கிள் கடைக்காரர் கோட்டம் எடுப்பார், பஞ்சர் ஒட்டுவார், கோனைக் கழற்றி பால்ரஸ் மாற்றுவார். இந்தக் கியரைச் சரிசெய்யச் சொன்னால் கையை விரித்துவிடுவார். இரண்டே மாதத்தில் ஒரே கியரில் ஓடிக்கொண்டிருக்கும் 21 கியர் வண்டிகள் இல்லாத தெரு நம் ஊர்களில் அரிது.

விலை குறைவாக இருப்பதால் வரும் வினை அல்ல இது. ஆறாயிரம் ரூபாய் வண்டியில் அத்தனை காசும் சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் மிதிக்கும் போகிறது. பன்னிரண்டாயிரம் ரூபாய் வேட வண்டியில் அந்தக் காசை ஷாக் அப்சார்பரும் டிஸ்கும் கியரும் பங்குபோட்டுக்கொள்ள, டயருக்கும் பேரிங்குக்கும் மிச்சம்மீதிதான். வாங்குவது பெரும்பாலும் பதினான்கு வயதுப் பையனின் அடம். தரம் பார்க்க அவனுக்கு வழியில்லை, பார்வைக்குத்தான் விலை.

சைக்கிளால் மனிதர்கள் அடைந்த ஆனந்தத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து எழுத்தறிவு இயக்கமான அறிவொளி சைக்கிள் ஓட்டுவதையும் ஒரு பாடமாக எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். இதைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் பி.சாய்நாத் ஒரு விவரம் சொல்கிறார். பெண்களுக்கான சைக்கிள்கள் தட்டுப்பாடானபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தும் இருந்தது. நடுத்தண்டில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாமே! கார்பன் சைக்கிளை வடிவமைக்கும் எவரும் இந்தச் சுகத்தைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்.

காசுள்ளவர்கள் எதிர்த்திசையில் போவதும் உண்டு. இத்தாலியின் டஸ்கனியில் 1997 முதல் நடக்கும் லெரோய்கா பயணத்தில் 1987க்கு முன் செய்த சைக்கிள்களைத்தான் ஓட்ட வேண்டும். மண் சாலையில், கனத்த எஃகில், புழுதி குடித்தபடி ஓட்ட உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள்.

விலையுயர்ந்த வண்டிக்கு இன்னொரு செலவும் உண்டு. இரண்டு லட்ச ரூபாய் சைக்கிளைக் கோயில் வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே போக முடியாது. ரயில் நிலையத்தில் நாள் முழுக்க விட முடியாது. டீ குடிக்கும்போதும் ஒரு கண் அதன்மேல் இருக்கும். ஆகவே அது எங்கும் போகாத சைக்கிளாகிவிடுகிறது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவதற்காக மட்டும் ஓட்டுவது. அதிலும் சந்தோஷம் உண்டு. வைத்திருப்பதே ஒரு சந்தோஷம், கைக்கடிகாரக்காரர்கள் வெட்கப்படாத விஷயத்துக்கு சைக்கிள்காரர்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

பத்து லட்ச ரூபாய் சைக்கிள் இருந்துவிட்டுப் போகட்டும். அதை வாங்குகிறவர் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்துதான் வாங்குகிறார். ஏமாறுவது கீழ்த்தட்டில். கியர் இல்லாமல், அல்லது பின்னால் மட்டும் ஏழு கியர் வைத்து, நல்ல டயரும் நல்ல பிரேக் கட்டையும் நல்ல பேரிங்கும் போட்ட எளிய வண்டிக்கு நம் கடைகளில் இடம் சிறியது. அதைப் பெரிதாக்க ஆள் ஒருவர் இருக்கிறார். பதினோராம் வகுப்பு மாணவர்களுக்காக ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சைக்கிள் வாங்கும் தமிழக அரசைவிடப் பெரிய வாடிக்கையாளர் இங்கே யாருக்கும் கிடைக்கமாட்டார். அதன் ஒப்பந்தப்புள்ளியில் டயர், பிரேக் கட்டை, பேரிங் ஆகிய மூன்றின் தரத்தையும் ஒரு படி உயர்த்தினால், வண்டிக்குச் சில நூறு ரூபாய் கூடலாம். அவ்வளவு எண்ணிக்கையில் தயாராகும் டயர் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடாது. சைக்கிள் கடைக்கும் வரும், அப்பாவின் பழைய வண்டிக்கும் மாட்டலாம்.