கூடி இசைப்போரைக் கூறுபோடலாமா?

எம்மூரில் சென்ற ஆண்டு காலமான ஆர்மோனியக் கலைஞர் ஒருவரின் நினைவுக் கூட்டத்திலே, அவர் வாசித்த இசைநாடகப் பாடலொன்றின் ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டனர். கைத்தொலைபேசியிற் பதிந்தது. அதனை மிருதங்கத்தின் அருகே வைத்துவிட்டார்கள் போலும். அடிவிழுந்தோறும் பாட்டு அமிழ்ந்தது. அடி ஓய்ந்ததும் மின்விசிறியின் இரைச்சல் மேலெழுந்தது. ஆர்மோனியமோ அயல்வீட்டில் ஒலிப்பதுபோலக் கேட்டது. அரைநூற்றாண்டு மேடையேறிய ஒருவரின் வாசிப்பில் எமக்கு எஞ்சியது இவ்வளவே.

கருவியைக் குறைகூறிப் பயனில்லை. கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவு பெரும்பாலும் பேச்சுக்கென அமைந்தது. மெல்லிய ஒலியை உயர்த்தவும், வலிய ஒலியைத் தாழ்த்தவும் அது தானாகவே முற்படும். மிருதங்கம் முழங்கினால் பாடகர் குரலையும் சேர்த்தே அமுக்கிவிடும்.

இந்நிகழ்ச்சிக்குப் பின் எம்மூர் இளைஞர் சிலர், வீட்டிலேயே ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அமைக்க முனைந்தனர். முயற்சி பாராட்டற்குரியது. ஆனால் அவர்கள் வகுத்த முறை எனக்கு உடன்பாடன்று. ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியே அழைத்து, காதிலே கணினியின் தாளத் தட்டலைக் கேட்கச் செய்து, தனித்தனியே பதிந்து, பின்னர் ஒட்டுவதாம்! இசைநாடகப் பாடகர் உணர்ச்சி மேலிட்ட இடத்தில் ஒரு சொல்லை நீட்டுவார். ஆர்மோனியம் அவரைத் தொடரும். மிருதங்கம் அவர் முகம் பார்த்துக் காத்து நிற்கும். எதிரே இல்லாத ஒருவருக்காக எவர் காத்திருப்பார்?

தனித்தனியே பதிந்து இணைக்கும் வசதி, 1979இல் டாஸ்காம் நிறுவனம் வெளியிட்ட நான்கு தட ஒலிநாடாக் கருவியோடு வீடுகளுக்குள் வந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட ‘நெப்ராஸ்கா’ அத்தகைய கருவியில் வீட்டிலே பதிந்ததுதான். அவர் தனியொருவராக இருந்தார். அம்முறை அவருக்குப் பொருந்திற்று. குழுவினர்க்கு வேறொரு முன்மாதிரி உண்டு. 1987 நவம்பரில் கனடாவின் கௌபோய் ஜங்கீஸ் குழுவினர் ரொறன்ரோவிலுள்ள ஒரு தேவாலயத்திலே, ஒரே ஒலிவாங்கியைச் சூழ இருந்து இசைத்தனர். அடுத்த ஆண்டு வெளிவந்த அவ்விசைத்தட்டு உலகெங்கும் பேசப்பட்டது. அங்கே ஒலிகளின் அளவை நிருணயித்தது யார் எங்கே இருந்தார் என்பதுவே.

நமக்கும் அதுவே ஏற்றது. உள்ளங்கையளவான, இரு ஒலிவாங்கிகள் பொருத்திய பதிகருவி ஒன்றும், அதனை நிறுத்தத் தாங்கியொன்றும், கேட்டுப் பார்க்க ஹெட்போன் ஒன்றும் போதும். வெறுஞ்சுவர்க்கூடம் வேண்டாம், புத்தக அலுமாரியும் கட்டிலும் உள்ள அறையைத் தெரிக, தடித்த துணிகளைத் தொங்கவிடுக. மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்துக. பின்னதை மீண்டும் இயக்க மறவாதிருக்க, வீட்டுத் திறப்பை அதனுள்ளே வைத்துவிடுவது அனுபவத்திற் கண்ட உபாயம்.

இனி, ஆட்களை இருத்துவதிலேதான் கலை இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். சுவர்களுள்ள அறையில் அவ்வளவு குறையாது. பாடகர் கருவிக்கு மூன்றடி தூரத்தில் இருந்தால், மிருதங்கக்காரரை ஆறேழடி தள்ளி இருத்தி, வலந்தலை கருவியை நேரே நோக்காதவாறு சற்றுத் திருப்பலாம். ஆர்மோனியத்துக்கு மிக அண்மையிற் கருவியை வைத்தால் துருத்தியின் முனகலே கேட்கும். தாளக்காரர் எல்லோர்க்கும் பின்னே. அவர் மனம் சிறிது நோகலாம். நல்ல பாயொன்று விரித்துச் சமாதானம் செய்க. ஒரு நிமிடம் பதிந்து, கேட்டு, ஒருவரை ஓரடி நகர்த்தி, மறுபடியும் பதிக. இதிலே அரைநாள் கழிந்தாலும் வீணன்று.

ஒலியளவு தானே ஏறியிறங்கும் வசதியை நிறுத்திவிட்டு, உச்ச அடியும் பூச்சியத்துக்குக் கீழே 12 டெசிபெல் அளவில் நிற்குமாறு வைத்துக்கொள்க. பூச்சியத்தைத் தாண்டிய ஒலி வெட்டுண்டுபோம். அதற்குப் பரிகாரம் இல்லை.

ஒருவர் தவறினால் எல்லோரும் மீண்டும் தொடங்க வேண்டுமே என்பர். உண்மைதான். முதிய கலைஞருக்கு அது களைப்பும் தரும். மும்முறை பதிந்து நல்லதை எடுத்துக்கொள்வதே நான் கண்ட வழி. சிறு வழுக்கள் இருந்துவிட்டுப் போகட்டும். பாடகர் யாழ்ப்பாணத்திலும் வயலின்காரர் இலண்டனிலும் இருப்பின், அப்போது தனித்தனியே பதிதலன்றி வேறு வழியில்லை.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் திகதி, ஊர், இசைப்போர் பெயர், சுருதி என்பவற்றை ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவைத்தல் வேண்டும். பதிவைச் சுருக்காமல் இரு வேறிடங்களிற் சேமித்தலும் வேண்டும்.

அந்த ஆர்மோனியக் கலைஞரோடு நெடுங்காலம் வாசித்த மிருதங்கக்காரருக்கு இப்போது வயது எழுபத்தெட்டு. வரும் ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன், என் புத்தக அறைக்கு வர இசைந்திருக்கிறார்.