பூனையின் பெயரில் ஒரு புலி

வைகையின் வடகரையில், திருவாப்புடையார் கோயில் கொண்டிருக்கும் செல்லூர், நெசவுக்குப் பேர்போன இடம். தறிச் சத்தத்துக்கு நடுவே பாடம் படித்துப் பட்டம் பெற்ற பிள்ளைகள் அங்கே அநேகர். அப்படிப்பட்ட ஒருவனை நேயர்கள் கற்பனை செய்துகொள்ளட்டும். கணக்கு என்றால் அவனுக்குக் கற்கண்டு. வியாபார நிர்வாகம் படிக்க ஆசைப்பட்டு நுழைவுப் பரீட்சை எழுதுகிறான். கணக்கில் 100 பேரில் 95 பேருக்கு மேலே நிற்கிறான். இங்கிலீஷ் பகுதியிலோ பாதிப் பேருக்குக் கீழே கிடக்கிறான். "உனக்கு இங்கிலீஷ் வராதப்பா!" என்று பக்கத்து வீட்டார் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். தகப்பனாரும் பெருமூச்சு விடுகிறார். இந்தத் தீர்ப்பு சரிதானா என்று விசாரிப்பதே இந்த வாரம் நம்முடைய வேலை.

முதலில் பரீட்சையின் லட்சணத்தைப் பார்ப்போம். ஐ.ஐ.எம். என்று வழங்கும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் 1961-ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் தொடங்கின. 2011-ல் நம் திருச்சிராப்பள்ளிக்கும் ஒன்று வந்தது. இவற்றில் சேருவதற்கான பொதுப் பரீட்சைக்குக் 'கேட்' என்று பெயர். இங்கிலீஷில் அந்த மூன்றெழுத்துக்குப் பூனை என்று அர்த்தம். குணத்திலோ அது புலி. 2023-ல் அதை எழுதியவர்கள் ஏறக்குறைய 2,88,000 பேர்!

பரீட்சைக்கு மூன்று பகுதிகள். பகுதி ஒன்றுக்கு 40 நிமிஷம். முதலில் வருவது இங்கிலீஷ். சமீப வருஷங்களில் அதில் 24 கேள்விகள் கேட்கிறார்கள். அவற்றில் 16, நான்கு நீண்ட உரைநடைப் பகுதிகளைப் படித்து விடை சொல்ல வேண்டியவை. மிச்சம் எட்டும் கலைந்து கிடக்கும் வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, ஒரு பத்தியின் சாரத்தைப் பொறுக்கி எடுப்பது போன்றவை. கழகங்கள் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே குறைந்தபட்ச வரம்பு வைத்திருக்கின்றன. ஆகையால் கணக்கில் எவ்வளவு உயரப் பறந்தாலும், இங்கிலீஷில் சறுக்கியவனுக்குக் கதவு திறப்பதில்லை.

இந்த இடத்தில்தான் பெற்றோர் பதறிப்போய்ச் சொற்பட்டியல் புஸ்தகங்களை வாங்கிக் குவிக்கிறார்கள். பிள்ளையும் தினம் ஐம்பது கடினமான பதங்களை உருப்போடுகிறான். கிளிக்குப் பேச்சு வருவதுபோல் பதங்கள் வருகின்றன. மதிப்பெண் மட்டும் வருவதில்லை. காரணம், மேலே சொன்ன 24 கேள்விகளில் 'இந்தப் பதத்துக்குப் பொருள் என்ன?' என்று நேராகக் கேட்பது அநேகமாக இல்லவே இல்லை. அமெரிக்கக் கலாசாலைகளுக்கான 'ஜிமாட்' பரீட்சையும் 2023-ல் புது உருவம் எடுத்தபோது, இலக்கணப் பிழை திருத்தும் கேள்விகளை அடியோடு நீக்கிவிட்டது. பரீட்சைக்காரர்கள் அறிய விரும்புவது ஒன்றுதான்: 'எழுதியவன் என்ன சொல்ல வந்தான் என்று உனக்குப் புரிந்ததா?'

அப்படியானால், இது நமக்குப் புதிய வித்தையே அல்ல. பரிமேலழகர் திருக்குறளுக்கு உரை கண்டாரே, அது வேறென்ன? செய்யுளில் பொருள் எப்படி ஓடுகிறது என்பதற்கு எட்டு வகைப் பொருள்கோள் வகுத்திருக்கிறது நன்னூல். ஆற்றுநீர்ப் பொருள்கோளில் பொருள் வைகை வெள்ளம்போல் முன்னிருந்து பின்னாக ஓடும். அடிமறிமாற்றில் எந்த அடியை எங்கே வைத்தாலும் பொருள் கெடாது. கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்வியில் ஒளிந்திருப்பது ஆற்றுநீர்தான். 'அது', 'ஆனால்', 'இவ்வாறு' என்று ஒரு வாக்கியம் தொடங்கினால், அதற்கு முன்னால் நிற்க வேண்டியது எது என்று தேட வேண்டும். அறுந்த பாவு இழையின் இரண்டு முனைகளையும் தேடிப் பிணைக்கிற நெசவாளியின் பிள்ளைக்கு இது சொல்லித் தெரிய வேண்டுமா?

ஆகவே நாம் சொல்லும் மருந்து மூன்று.

முதலாவது, தினம் ஒரு கட்டுரை. கதையும் சினிமாச் செய்தியும் போதா. சரித்திரம், தத்துவம், பொருளாதாரம், இயற்கை என்று மாறி மாறிப் படிக்க வேண்டும். பரீட்சையிலும் இவையே வருகின்றன. படித்ததும் தாளை மூடிவிட்டு, 'ஆசிரியரின் கட்சி என்ன? அதற்கு அவர் காட்டும் காரணம் என்ன?' என்பதைத் தமிழில் இரண்டே வாக்கியங்களில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு விளங்கினால் பிள்ளைக்கும் விளங்கியது என்று அர்த்தம். "என்னடா உளறுகிறாய்?" என்று அம்மா கேட்டால் மறுபடியும் படிக்க வேண்டியதுதான்!

இரண்டாவது, தவறுகளுக்கு ஒரு நோட்டுப் புஸ்தகம். முந்தைய வருஷங்களின் வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்து, தவறிய ஒவ்வொரு விடைக்கும் காரணம் எழுத வேண்டும். ஆசிரியர் சொன்னதைவிட அதிகமாகச் சொல்லும் விடையா? ஒரு மூலையை மட்டும் சொல்வதா? தலைகீழாகத் திருப்புவதா? உலகத்தில் உண்மையாயிருந்தும் அந்தப் பத்தியில் இல்லாததா? பெரும்பாலான தவறுகள் இந்த நான்கில் ஒன்றாகவே இருக்கும். தன்னை ஏமாற்றும் கள்ளன் யார் என்று தெரிந்துவிட்டால், பாதிக் காவல் முடிந்தது.

மூன்றாவது, பேராசையை அடக்குவது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். விடைகளைக் கொடுத்துப் பொறுக்கச் சொல்லும் கேள்வியில் தவறினால் 1 குறையும். இத்தகைய கேள்விகளில் அவசரமாக 20-ஐ எழுதி 10 சரி, 10 தவறு என்றால் கிடைப்பது 20. நிதானமாக 14-ஐ எழுதி 11 சரி, 3 தவறு என்றால் கிடைப்பது 30. குறைவாக எழுதியவனே கூடுதலாகப் பெறுகிறான்! உரைப் பகுதி ஒன்றுக்கு 7 நிமிஷம் வைத்துக்கொண்டால், மற்ற எட்டுக் கேள்விகளுக்கு 12 நிமிஷம் மிஞ்சும்.

இங்கே நேயர் ஒருவர் குறுக்கிடலாம்: "தமிழ் மூலம் படித்த பிள்ளைக்கு இங்கிலீஷில் மட்டும் பரீட்சை வைப்பது தர்மமா?" தர்மமல்ல என்பதே நமது அபிப்பிராயம். வைத்தியப் படிப்புக்கான 'நீட்' பரீட்சையைத் தமிழில் எழுத முடிகிறது. பொறியியலுக்கான 'ஜே.இ.இ. மெயின்' பரீட்சையும் 2021 முதல் தமிழில் நடக்கிறது. 'கேட்' மட்டும், கணக்குக் கேள்வியைக்கூட, இங்கிலீஷிலேயே கேட்கிறது. இது மாற வேண்டும் என்று நாம் உரத்துச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நியாயம் வரும்வரையில் பரீட்சை காத்திராது. வழக்கமாக நவம்பர் கடைசியில் வந்து நின்றுவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நகை அடகு வைத்துப் பயிற்சிக் கூடத்தில் பணம் கட்டுமுன், பிள்ளையை ஆறு மாதம் புது நத்தம் சாலைக்கு அனுப்பிப் பாருங்கள். 2023 ஜூலை 15-ல் அங்கே திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் காசு செலவில்லாமல் உட்கார்ந்து படிக்கலாம். "உனக்கு வராது" என்ற சொல்லை மட்டும் வீட்டில் ஒருவரும் உச்சரிக்க வேண்டாம். பிள்ளையின் இங்கிலீஷைக் கெடுப்பதில் அந்த ஒரு தமிழ் வாக்கியத்துக்கு ஈடு வேறொன்றும் கிடையாது.