பட்டியலில் நம் பிள்ளைகளின் பெயரை ஏற்றுவோம்!

தோழர்களே,

அறிவுசார் குறைபாடுள்ள நம் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதானதும் அடையாள அட்டை, உதவித்தொகை, காப்பாளர் சான்று என்று எல்லாவற்றுக்கும் அலைகிறோம். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க மட்டும் போவதில்லை. "இவனுக்கு எதுக்குங்க ஓட்டு?" என்று யாரோ கேட்கிறார்கள். நாம் தலை குனிகிறோம். போதும் தோழர்களே, இனி குனிய வேண்டாம்!

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16ஆவது பிரிவைப் படியுங்கள். சித்த சுவாதீனமற்றவர் என்று தகுதியுள்ள நீதிமன்றமே அறிவித்திருந்தால்தான், அந்தக் காரணத்துக்காகப் பெயரை மறுக்கலாம். மருத்துவச் சான்றோ, ஐ.க்யூ. எண்ணோ, அலுவலரின் அபிப்பிராயமோ அதற்குப் போதாது. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான குழு காப்பாளரை நியமிப்பதும் அந்த அறிவிப்பு ஆகாது. காப்பாளர் சான்று வாங்கினால் ஓட்டு போய்விடும் என்று அஞ்சும் பெற்றோரிடம் இதை வீடு வீடாகச் சொல்லுங்கள்.

சட்டமும் மாறியாக வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் அரசியல் உரிமையை உறுதிசெய்யும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. 16ஆவது பிரிவோ அப்படியே கிடக்கிறது. வாக்குச்சாவடிக்குள் துணையாள் வர அனுமதிக்கும், 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின் 49என் விதி, பார்வையின்மையையும் உடல் நலிவையும் மட்டுமே சொல்கிறது. நம் பிள்ளைகள் அதில் இல்லவே இல்லை. ஸ்பெயின் 2018இல் சட்டம் திருத்தி ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு வாக்குரிமையைத் திருப்பித் தந்தது. முழுக் காப்பாளர் பொறுப்பில் இருப்போரை ஒதுக்கிய விதி அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2019இல் ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்மால் மட்டும் முடியாதா?

பெற்றோரிடம் கண்டிப்பாகவே ஒன்று சொல்கிறேன். பிள்ளையின் விரலைப் பிடித்து உங்கள் சின்னத்தில் அழுத்தாதீர்கள். அதுவும் வாக்குப் பறிப்புதான். சின்னங்களைத் தாளில் வரைந்து காட்டுங்கள். யார் நிற்கிறார்கள், ஊருக்கு என்ன செய்வதாகச் சொல்கிறார்கள் என்று சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசுங்கள். கூட்டங்களுக்கு அழைத்துப் போங்கள். முடிவை அவர்களிடம் விடுங்கள். தவறாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இருக்கிறதே, அவர்களுக்கும் உண்டு.

சிறப்பாசிரியர்களே, வகுப்பறையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்துங்கள். கட்சித் தோழர்களே, தேர்தல் அறிக்கையை எளிய தமிழில், படங்களோடு அச்சிடுங்கள்.

பதினெட்டு நிறைந்த ஒவ்வொருவருக்கும் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 நிரப்புங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீடு செய்யுங்கள். அடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே உங்கள் தெருவில் தொடங்குங்கள்!